கீழ்மலையா, மேல்மலையா, மனையா, குத்தகையா? பழனி மலையில் நிலம் தேடுகிறவர்களுக்கு

"தாண்டிக்குடியில் ஒன்றரை ஏக்கர் காபித் தோட்டம் வருகிறது. மன்னவனூரில் அடுக்கு நிலம் ஒரு ஏக்கர் இருக்கிறது. அதே பணத்துக்கு வில்பட்டிப் பக்கம் பத்து சென்ட் மனை சொல்கிறார்கள். எதை எடுக்கலாம்?" வாசகர்களிடமிருந்து வரும் கேள்வி ஏறக்குறைய இந்த வடிவத்தில்தான் இருக்கிறது. ஊர்ப் பெயரும் அளவும் மாறும், தவிப்பு ஒன்றுதான்.

இந்த மூன்றையும் விலையை வைத்து ஒப்பிட முடியாது. காபித் தோட்டம் வாங்குகிறவர் ஒரு தொழிலை வாங்குகிறார். சரிவில் படிபடியாக வெட்டிய அடுக்கு நிலம் வாங்குகிறவர் வருஷம் முழுக்க ஆள் நின்று பார்க்க வேண்டிய வெள்ளாமையை வாங்குகிறார். மனை வாங்குகிறவர் வீடு கட்டும் உரிமையை வாங்குகிறார், அந்த உரிமை உண்மையிலேயே அதில் இருந்தால். இவற்றோடு நான்காவதாக ஒரு வழியும் உண்டு. இப்போதைக்கு வாங்காமல், குத்தகைக்கோ வாடகைக்கோ எடுத்து இருந்து பார்ப்பது. இதைப் புரோக்கர் யாரும் சொல்ல மாட்டார்கள், அதில் கமிஷன் இல்லை. கேட்கிறவர்களில் பாதிப் பேருக்கு மேல் நான் சொல்வது இதைத்தான்.

நான்கையும் எடைபோடும் முன்னால், எதை வைத்து எடைபோடுவது என்று பார்த்துவிடலாம்.

## முதலில் கேட்க வேண்டியவை

பாதை. "ஜீப் தோட்டம் வரைக்கும் வரும்" என்பார்கள். வரும், சரி. யாருடைய நிலத்து வழியாக வருகிறது? மலையில் பல தோட்டங்களுக்குப் போகும் வழி பக்கத்துத் தோட்டத்துக்காரரின் பட்டா நிலத்தில்தான் ஓடுகிறது. பழைய உடமைக்காரரோடு மாமன் மச்சான் உறவில் விட்ட வழியை, வெளியூரிலிருந்து வந்த உங்களுக்கு அவர் விட வேண்டும் என்று கட்டாயம் இல்லை. எஃப்.எம்.பி. எனும் புல வரைபடத்தை எடுத்து, பாதை அதில் புறம்போக்காகக் காட்டப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் பத்திரத்தில் பாதை பாத்தியம், அதாவது அந்த வழியில் போய்வரும் உரிமை, எழுதியிருக்க வேண்டும். அதிலும் "நடைபாதை" என்று எழுதியிருப்பதும் "வண்டிப்பாதை" என்று எழுதியிருப்பதும் ஒன்றல்ல. நடைபாதை பாத்தியத்தை வைத்துக்கொண்டு செங்கல் லாரியை உள்ளே விட முடியாது. தாண்டிக்குடி இருக்கும் கீழ்மலையில் இன்னமும் குதிரை முதுகில் மூட்டை இறங்குகிற இடங்கள் உண்டு. அப்படி ஒரு இடத்தில் வீடு கட்டினால் ஒவ்வொரு மூட்டை சிமென்ட்டுக்கும் சுமைக்கூலி சேரும். பாத்தியம் இல்லாத இடம் பிடித்துப்போனால், வழி விடுகிறவரிடம் பாதை உரிமையை எழுதிப் பதிவுசெய்து தரச் சொல்லுங்கள். அது உங்கள் கிரயத்துக்கு முன்பாகவே முடிய வேண்டும். கிரயம் ஆன பிறகு அந்த வழியின் விலையே வேறு.

தண்ணீர். பழனி மலைக்கு முக்கியமான மழை அக்டோபரிலிருந்து டிசம்பர் வரை பெய்யும் வடகிழக்குப் பருவமழை. ஜனவரியில் போய்ப் பார்த்தால் எல்லா ஓடையிலும் தண்ணீர் இருக்கும். ஏப்ரலில் போங்கள். ஊற்று இருக்கிறது என்றால் அது எந்தப் புல எண்ணில் இருக்கிறது என்று கேளுங்கள். மலைச்சரிவுகளில் கறுப்பு ஓஸ் நெடுந்தூரம் அடுத்தவர் நிலம் தாண்டி ஓடுவதைப் பார்த்திருப்பீர்கள். அதுவும் வாய்ப்பேச்சில் நிற்கிற ஏற்பாடுதான். ஓடை அரசுப் புறம்போக்கு. அதை மறிக்கவோ திருப்பவோ உங்களுக்கு உரிமை இல்லை, கீழே இருக்கும் பத்துக் குடும்பம் அதைத்தான் குடிக்கிறது. "போர் போட்டுக்கொள்ளலாம்" என்பதையும் நம்பி வாங்காதீர்கள். போர்வெல் வண்டிக்கும் பொக்லைனுக்கும் மலையில் கட்டுப்பாடு இருக்கிறது, அனுமதி கிடைத்தாலும் பாறையில் தண்ணீர் கிடைக்கும் என்பது உறுதி இல்லை.

காகிதம். இங்கேதான் அதிக நேரம் செலவழிக்க வேண்டும்.

பட்டாவில் பெயர் இருப்பதை மட்டும் வைத்து உரிமை முடிவாகிவிடாது. மூலப்பத்திரத்திலிருந்து இன்றுவரை கை மாறிய ஒவ்வொரு பத்திரமும் சங்கிலியாக வர வேண்டும். வில்லங்கச் சான்றிதழைக் குறைந்தது 30 வருஷத்துக்குப் போடுங்கள், பதிவுத் துறை இணையதளத்திலேயே பார்க்கலாம். ஆனால் வில்லங்கத்தில் பதிவான விவகாரம் மட்டும்தான் தெரியும். வாய்மொழிப் பாகப்பிரிவினை, பதிவு செய்யாத அக்ரிமென்ட், நீதிமன்ற வழக்கு, கூட்டுறவுச் சங்கத்துக் கடன் இவையெல்லாம் அதில் தெரியாமலே போகலாம். அவற்றை ஊரில் நின்று விசாரித்துத்தான் தெரிந்துகொள்ள வேண்டும்.

கூட்டுப் பட்டாவா, தனிப்பட்டாவா? கூட்டுப் பட்டா என்றால் அண்ணன் தம்பி நான்கு பேர் பெயர் இருக்கும். ஒருவர் "என் பாகம் இந்த ஓடைக்கு மேற்கே" என்று கைகாட்டி விற்பார். உட்பிரிவு செய்து தனிப்பட்டா வாங்கித் தரச் சொல்லி, அதன் பிறகு கிரயம் செய்யுங்கள். வீட்டுப் பெண்கள் கையெழுத்தையும் விடாதீர்கள். தமிழ்நாட்டில் 1989-லேயே மகள்களுக்குப் பூர்வீகச் சொத்தில் பங்கு தரும் திருத்தம் வந்தது. 2005-ல் மத்தியச் சட்டம் திருத்தப்பட்டது. பிறப்பாலேயே மகளுக்கும் சம உரிமை என்று 2020-ல் உச்ச நீதிமன்றம் தெளிவாகச் சொல்லிவிட்டது. "அக்காவுக்குக் கல்யாணத்தில் நகை போட்டுவிட்டோம்" என்பது பத்திரத்தில் எழுத முடியாத சமாதானம். அந்த அக்கா பத்து வருஷம் கழித்து வழக்குப் போட்டால் நியாயம் அவர் பக்கம்தான் இருக்கும்.

நிலம் எந்த வகை என்பதை 'ஏ' பதிவேட்டில், அதாவது வருவாய்த் துறையின் கிராம நிலப் பதிவேட்டில், பாருங்கள். 1892 முதல் ஒடுக்கப்பட்ட மக்களுக்கு ஒப்படைக்கப்பட்ட பஞ்சமி நிலம் மலையிலும் இருக்கிறது. நிபந்தனை மீறி மற்றவர்கள் வாங்கினால் அந்தக் கிரயம் செல்லாது. அரசு ஒப்படை செய்த மற்ற நிலங்களிலும் நிபந்தனைப் பட்டா உண்டு. 2006 வன உரிமைச் சட்டத்தின்படி மலையின் பழங்குடிகளான பளியர் குடும்பங்களுக்குக் கிடைத்த நிலம் வாரிசுக்குப் போகும், விற்கவோ மாற்றித் தரவோ முடியாது. இப்படிப்பட்ட நிலம் மலிவாக வரும். சட்டச் சிக்கல் ஒரு பக்கம் இருக்கட்டும், அது அந்த மக்களின் கடைசிப் பிடி. யார் என்ன வழி சொன்னாலும் அதைத் தொடாதீர்கள்.

பவர் பத்திரத்தை மட்டும் காட்டிப் பணம் கேட்டால் நில்லுங்கள். பவர் வைத்து நடக்கும் "விற்பனை" உரிமையை மாற்றாது என்று 2011-லேயே உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. பவர் கொடுத்தவர் உயிரோடு இருக்கிறாரா, அதை ரத்து செய்துவிட்டாரா என்று பார்த்து, முடிந்தால் உடமைக்காரரையே வந்து கையெழுத்துப் போடச் சொல்லுங்கள்.

வெளிநாட்டில் இருக்கும் தம்பிகளுக்கு ஒரு வரி: என்.ஆர்.ஐ.யாக இருக்கும்வரை விவசாய நிலம், தோட்டம், பண்ணை வீடு மூன்றையும் உங்கள் பெயரில் வாங்க முடியாது. வாரிசாக வந்தால் வைத்திருக்கலாம்.

கட்ட முடியுமா? மலைப்பகுதிப் பாதுகாப்புக் குழுமம், பேச்சுவழக்கில் ஹாக்கா, 1990-லிருந்து இருக்கிறது. அதன் பட்டியலில் உள்ள கிராமத்தில் நிலத்தை மனையாகப் பிரிக்கவோ கட்டடம் எழுப்பவோ வனத்துறை, வேளாண் பொறியியல் துறை, புவியியல் மற்றும் சுரங்கத்துறை எனப் பல மேசைகளைத் தாண்ட வேண்டியிருக்கும். மரம் வெட்ட 1955-ஆம் வருஷத்து மலைப்பகுதி மரப் பாதுகாப்புச் சட்டம் இருக்கிறது. உங்கள் பட்டா நிலத்தில் நீங்களே வைத்த மரம் என்றாலும் அனுமதி கேட்டுத்தான் வெட்ட வேண்டும். நிலம் தனியார் காடாக அறிவிக்கப்பட்டிருந்தால் 1949-ஆம் வருஷத்துச் சட்டப்படி அதை விற்பதற்கே முன் அனுமதி தேவை. "எல்லாரும் கட்டியிருக்கிறார்களே" என்று கைகாட்டுவார்கள். அப்படிக் கட்டப்பட்டவற்றில் நூற்றுக்கணக்கான வணிகக் கட்டடங்களுக்கு 2019-ல் உயர் நீதிமன்ற உத்தரவுப்படி கொடைக்கானலில் சீல் வைத்தார்கள்.

சரிவு, விலங்கு, ஆள். பட்டாவில் இருக்கும் பரப்பில் தட்டையாக எவ்வளவு கிடைக்கும் என்று நடந்து பாருங்கள். ஒரு ஏக்கரில் வீடு வைக்கத் தோதான இடம் பத்து சென்ட் கூட இல்லாத சரிவுகள் நிறைய. சரிவை வெட்டித் தட்டையாக்கினால் மேலே இருக்கும் மண் பிடிமானம் இழக்கும். 2009 நவம்பரில் நீலகிரியில் நாற்பதுக்கும் மேற்பட்டவர்கள் மண்சரிவில் இறந்தார்கள். 2018-ல் கஜா புயல் கொடைக்கானல் மலையிலும் மரங்களைச் சாய்த்துவிட்டுப் போனது. சாய்ந்து நிற்கும் மரம், வெடித்த தடுப்புச் சுவர், திடீரென்று சேறு கசியும் இடம் மூன்றையும் கவனியுங்கள். காட்டுமாடும் காட்டுப்பன்றியும் மலை முழுக்க உண்டு, யானை கீழ்மலையின் பல பகுதிகளில் வரும். எந்த மாதம் வரும் என்று தோட்டத்தில் வேலை செய்கிறவரைக் கேளுங்கள், விற்கிறவரைக் கேட்காதீர்கள்.

## கீழ்மலை: காபி, மிளகுத் தோட்டம்

தாண்டிக்குடி, பண்ணைக்காடு, மங்களங்கொம்பு, பெரும்பாறை, பாச்சலூர். ஏறக்குறைய 1000 மீட்டரிலிருந்து 1500 மீட்டர் வரை உயரம். நிழல் மரத்தின் கீழே அராபிக்கா காபி, சில்வர் ஓக்கிலும் முள்ளுமுருங்கையிலும் ஏறிய மிளகு, நடுவே மலைவாழை, ஆரஞ்சு, பட்டர் ப்ரூட். சௌசௌ பந்தலும் உண்டு. இங்கே விளையும் விருப்பாச்சி வாழைக்குப் புவிசார் குறியீடு இருக்கிறது.

இதன் பெரிய பலம், ஒரே நிலத்தில் நான்கைந்து வரும்படி. காபி விலை விழுந்த வருஷம் மிளகு தாங்கும், மிளகு வாடினால் வாழை கைச்செலவுக்கு வரும். அறிவுரை கேட்கவும் ஆள் உண்டு. தாண்டிக்குடியில் காபி வாரியத்தின் மண்டல ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது, தடியன்குடிசையில் வேளாண் பல்கலைக்கழகத்தின் தோட்டக்கலை ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது. காபியை விற்கப் பட்டிவீரன்பட்டி பக்கம்தான். வாங்கும் முன் அங்கே ஒரு வியாபாரியிடம் அந்தத் தோட்டத்துக் காபியைப் பற்றிக் கேட்டால், பத்திரத்தில் கிடைக்காத சேதி கிடைக்கும்.

மறைந்திருக்கும் செலவு ஆள்கூலி. நவம்பரிலிருந்து பிப்ரவரி வரை பழம் பறிப்பு, அப்புறம் கவாத்து, நிழல் கழிப்பு, உரம், மிளகு பறிப்பு. காபிப் பழம் ஒரே சமயத்தில் பழுக்காது, திரும்பத் திரும்ப ஆள் விட வேண்டும். நீங்கள் மதுரையிலோ சென்னையிலோ இருந்தால் தோட்டத்தில் ஒரு குடும்பம் குடியிருந்து பார்த்துக்கொள்ள வேண்டும், அவர்களுக்கு ஒழுகாத வீடு, சம்பளம், பிள்ளைகள் பள்ளிக்குப் போக வழி எல்லாம் உங்கள் பொறுப்பு. பராமரிக்காமல் விட்ட தோட்டத்தை "மலிவு" என்று வாங்கினால், வெள்ளைத் தண்டுத்துளைப்பான் எனும் பூச்சி விழுந்த செடிகளைப் பிடுங்கிப் புதிதாக நட வேண்டியிருக்கும். புதுச் செடி காய்க்க மூன்று, நான்கு வருஷம். அதுவரை செலவு மட்டும்தான். பிப்ரவரிக்குப் பிறகு ஒரு மழை, அதாவது பூ மழை, தவறினால் அடுத்த பருவத்து மகசூலே அடிவாங்கும்.

பெரிய எஸ்டேட்டிலிருந்து துண்டுபோட்டு வருகிற நிலமாக இருந்தால் இன்னொரு கேள்வி கேளுங்கள். 1961 நில உச்சவரம்புச் சட்டத்தில் காபி, தேயிலை, ஏலத் தோட்டங்களுக்கு விலக்கு உண்டு. அது தோட்டமாகவே இருக்க வேண்டும் என்ற அடிப்படையில் தரப்பட்ட விலக்கு. அப்படிப்பட்ட நிலத்தை வாங்கிக் காபியைப் பிடுங்கிவிட்டு வேறு காரியத்துக்குத் திருப்பினால் சிக்கல்.

யாருக்கு இது சரி? மாதத்தில் ஒரு வாரமாவது வந்து நிற்கக்கூடியவர், முதல் நான்கு வருஷம் வருமானத்தை எதிர்பார்க்காதவர், குறைந்தது இரண்டு ஏக்கருக்குப் பணம் இருப்பவர். அரை ஏக்கர் காபியை வைத்து ஒரு காவல் ஆளுக்குச் சம்பளம் கொடுக்க முடியாது.

## மேல்மலை: பூண்டு, காய்கறி நிலம்

பூம்பாறை, மன்னவனூர், கூக்கால், கவுஞ்சி. கொடைக்கானல் ஊரைத் தாண்டி இன்னும் மேற்கே. மலைப்பூண்டு, உருளைக்கிழங்கு, கேரட், பீன்ஸ் என்று அடுக்கடுக்கான வயல். கொடைக்கானல் மலைப்பூண்டுக்கு 2019-ல் புவிசார் குறியீடு கிடைத்தது. பூண்டு வடுகபட்டிச் சந்தைக்குப் போகும்.

அழகு என்று பார்த்தால் இதற்கு ஈடு இல்லை, அதனால்தான் வெளியூர்க்காரர்கள் இங்கே ஏமாறுகிறார்கள். இது ஆளில்லாமல் ஒரு மாதம் விட்டால் புல் மூடிவிடும் நிலம். காபிச் செடி உங்களுக்காக ஒரு வாரம் காத்திருக்கும், கேரட் காத்திருக்காது. விதைப்பூண்டு, உரம், மருந்து, தினக்கூலி எல்லாம் அறுவடைக்கு முன்பே கையைவிட்டுப் போய்விடும். விலை சரிந்தால் வண்டி வாடகை கூடத் தேறாத நாளும் வரும். அதைத் தாங்கிப் பழகியவர்கள் அந்த ஊர் விவசாயிகள்தான்.

இந்த ஊர்களைச் சுற்றிக் காப்புக்காடு. 2013-ல் கொடைக்கானல் வனவிலங்குச் சரணாலயம் அறிவிக்கப்பட்டது. வன எல்லைக்கல் எங்கே இருக்கிறது என்பதை வனத்துறை வரைபடத்தோடு வைத்துப் பார்க்காமல் ஒரு சென்ட் கூட வாங்க வேண்டாம். கொடைக்கானலிலிருந்து போகும் ஒரே சாலை மழையில் அடைபட்டால் மருத்துவமனைக்கு வழி இல்லை. வயதான அப்பா அம்மாவோடு குடியேற நினைப்பவர்கள் இதை முதலில் யோசிக்க வேண்டும். சதுப்பாக இருக்கும் பள்ளத்தை "காயவைத்து நிரவிவிடலாம்" என்று சொல்வார்கள். செய்யாதீர்கள். அந்த ஈரம்தான் கோடையில் கீழே ஓடையாக வருகிறது.

உள்ளூரில் நம்பிக்கையான கூட்டாளி விவசாயி இருந்து, நீங்களும் வருஷத்தில் பாதி நாள் அங்கே இருப்பதாக இருந்தால் மட்டும் இதை எடுக்கலாம். முதலீடாக நினைத்து வாங்கி வேலி போட்டுப் பூட்டி வைப்பது நல்ல விளைநிலத்தைச் சாகடிப்பது. அதை நான் யாருக்கும் சொல்ல மாட்டேன்.

## மனை, அல்லது கட்டிய வீடு

வில்பட்டி, அட்டுவம்பட்டி, பெருமாள்மலை, கொடைக்கானல் நகராட்சி எல்லை. வீடுதான் குறிக்கோள் என்றால் இதுதான் நேர்வழி. ஆனால் விளம்பரத்தில் வரும் "மனை"களில் பல, சட்டப்படி மனையே இல்லை.

2016 அக்டோபர் 20-க்குப் பிறகு அங்கீகாரமில்லாத மனைப்பிரிவை வீட்டுமனையாகப் பதிவுசெய்ய முடியாது. அதற்கு முன்பே மனையாகப் பதிவானதை மறுபடி விற்கலாம், ஆனால் பதிவு ஆகிவிட்டது என்பதால் கட்ட அனுமதி வந்துவிடாது. இந்தத் தடையைச் சுற்றிப் போக இரண்டு தந்திரம் பார்க்கிறோம். ஒன்று, பத்துப் பதினைந்து சென்ட்டை "விவசாய நிலம்" என்றே பத்திரம் போடுவது. இன்னொன்று, ஒரு ஏக்கரில் பத்துப் பேருக்குப் "பிரிபடாத பாகம்" எழுதுவது. இரண்டிலும் உங்கள் கையில் வருவது கட்ட முடியாத நிலம். அங்கீகார எண்ணைக் கேளுங்கள், எண் வந்ததும் நகர ஊரமைப்பு அலுவலகத்தில் நீங்களே போய்ச் சரிபாருங்கள்.

கட்டிய வீடு வாங்கினால் கட்டட வரைபட அனுமதி, அந்த வரைபடத்தில் உள்ளபடிதான் கட்டியிருக்கிறதா, வீட்டு வரி ரசீது, மின் இணைப்பு வீட்டுக் கட்டணத்தில் இருக்கிறதா என்று நான்கையும் பாருங்கள். தோட்டத்து இலவச மின்சாரத்தை வீட்டுக்கு இழுத்திருந்தால் அபராதம் உங்கள் தலையில் விழும்.

"ஹோம்ஸ்டே போட்டால் தவணை கட்டிவிடலாம்" என்ற கணக்கை நம்பிக் கடன் வாங்காதீர்கள். குடியிருப்புக்கு அனுமதி வாங்கிய வீட்டை விடுதியாக நடத்துவது வேறு விஷயம், அதற்குச் சுற்றுலாத் துறைப் பதிவு உட்படத் தனி விதிகள் உண்டு. 2024 மே மாதத்திலிருந்து வெளியூர் வண்டிகளுக்கு இ-பாஸ். 2025 ஏப்ரல் முதல் கோடைப் பருவத்தில் கொடைக்கானலுக்கு வார நாளில் 4000, வார இறுதியில் 6000 வண்டிகள் என்று உயர் நீதிமன்றம் அளவு வைத்தது. மலை தாங்கும் எடைக்கு அது தேவைதான். வாடகை வருமானத்தைக் கணக்குப் போடுகிறவர் அந்த எண்ணிக்கையை மனதில் வைத்துக்கொள்ள வேண்டும்.

யாரும் பெரிதாகப் பேசாத ஒன்றையும் பாருங்கள்: மலைக் கிராமத்து நத்தத்தில், அதாவது ஊர்க் குடியிருப்பு நிலத்தில், பழைய வீடு. பண்ணைக்காட்டிலோ தாண்டிக்குடியிலோ ஊருக்குள்ளேயே கிடைக்கும். பார்வைக்குப் பள்ளத்தாக்கு தெரியாது. ஆனால் சாலை, குடிநீர்க் குழாய், கரண்ட், பேருந்து, கூப்பிட்டால் ஓடிவரும் அக்கம்பக்கம் எல்லாம் இருக்கும். ஓய்வுபெற்று மலையில் வாழ நினைக்கும் தம்பதிக்கு, தனியாக ஒரு சரிவில் கட்டும் வீட்டைவிட இதுவே மேல் என்று உறுதியாகச் சொல்வேன்.

## குத்தகை, வாடகை

ஒரு வீட்டை வாடகைக்கு எடுத்து, நவம்பர் மழையையும் ஏப்ரல் வறட்சியையும் இருந்து பாருங்கள். விவசாயம்தான் ஆசை என்றால் ஒரு பருவத்து மகசூலை மட்டும் பேசி எடுக்கலாம், மரத்திலும் செடியிலும் இருக்கும் காபியையும் மிளகையும் அப்படி எடுக்கும் வழக்கம் இருக்கிறது. ஒரு வருஷத்துக்கு மேற்பட்ட குத்தகையைப் பதிவுசெய்ய வேண்டும். குத்தகைதாரரை எளிதில் வெளியேற்ற விடாத சாகுபடிதாரர் பாதுகாப்புச் சட்டம் இருப்பதால் நீண்ட குத்தகைக்கு உடமைக்காரர்கள் தயங்குவார்கள், அவர்கள் தயக்கத்திலும் நியாயம் இருக்கிறது.

இதில் பறிபோவது வாடகைப் பணமும், "விலை ஏறிவிடுமே" என்ற பதற்றமும்தான். திரும்பக் கிடைப்பது ஊர்ப் பழக்கம். மலையில் நல்ல நிலம் விளம்பரத்துக்கு வருவதில்லை, டீக்கடையில் பேச்சோடு பேச்சாக வருகிறது. "நம்ம ஊரிலேயே ஒரு வருஷம் இருந்தவர்" என்று ஆனபிறகு சொல்லும் விலையும் மாறும்.

## ஒரே பார்வையில்

| கேள்வி | கீழ்மலைத் தோட்டம் | மேல்மலை நிலம் | மனை / வீடு | குத்தகை / வாடகை |
|---|---|---|---|---|
| முதல் ஆபத்து | பாதை பாத்தியம், கூட்டுப் பட்டா | வன எல்லை, நிபந்தனைப் பட்டா | அங்கீகாரம் இல்லாமை | வாய்ப்பேச்சு ஒப்பந்தம் |
| மறைந்த செலவு | ஆள்கூலி, காவல் குடும்பம், மறுநடவு | விதை, உரம், விலைச் சரிவு | தடுப்புச் சுவர், சுமைக்கூலி, அனுமதிக்கான அலைச்சல் | திரும்ப வராத வாடகை |
| வருமானம் | நான்காம் வருஷத்திலிருந்து மெதுவாக | உடனே வரலாம், உடனே போகலாம் | எதிர்பார்க்காதீர்கள் | பருவத்து மகசூல் எடுத்தால் கொஞ்சம் |
| வீடு கட்ட | கடினம் | மிகக் கடினம் | அங்கீகாரம் இருந்தால் வழி உண்டு | தேவையில்லை |
| ஊரில் இருக்க வேண்டியது | மாதம் ஒரு வாரம் | வருஷத்தில் பாதி | விருப்பம்போல் | ஒரு முழு வருஷம் |
| திரும்ப விற்க | நல்ல பாதை இருந்தால் சுலபம் | உள்ளூரில் மட்டும் | காகிதம் சுத்தமானால் சுலபம் | கவலை இல்லை |

எல்லாவற்றுக்கும் பொதுவான செலவு பதிவு. முத்திரைத்தீர்வை 7 சதவீதம், பதிவுக் கட்டணம் 2 சதவீதம். மதிப்பு 30 லட்சம் என்றால் 2 லட்சத்து 70 ஆயிரம் ரூபாய் பதிவுக்கே போகும். 2025 ஏப்ரல் முதல் 10 லட்சம் ரூபாய் வரையுள்ள சொத்தைப் பெண் பெயரில் பதிந்தால் பதிவுக் கட்டணத்தில் 1 சதவீதம் குறைவு. விலையில் பாதியை ரொக்கமாகக் கேட்டால் மறுத்துவிடுங்கள். நிலப் பரிவர்த்தனையில் 20,000 ரூபாயோ அதற்கு மேலோ ரொக்கமாக வாங்குவதை வருமான வரிச் சட்டம் தடுக்கிறது. பத்திரத்தில் குறைத்து எழுதினால் நாளை நீங்கள் விற்கும்போது அந்த வித்தியாசத்துக்கும் சேர்த்து நீங்கள்தான் வரி கட்டுவீர்கள்.

## நீலகிரியில் பார்க்கிறவர்களுக்கு

மேலே சொன்ன கேள்விகள் அங்கேயும் செல்லும், இரண்டு இடத்தில் கூடுதல் எச்சரிக்கை வேண்டும். கூடலூர், பந்தலூர்ப் பக்கம் ஜன்மி எனும் பழைய நிலவுடமையாளர் முறையை ஒழித்த 1969 ஜன்மி நில ஒழிப்புச் சட்டத்தில், தோட்டக் குத்தகை நிலம் பற்றிய 17-ஆம் பிரிவில் சிக்கிய நிலங்கள் இன்னமும் தீராத வழக்கில் இருக்கின்றன. தலைமுறையாக அங்கே வாழும் குடும்பங்களே பட்டா இல்லாமல் தவிக்கும்போது, புதிதாகப் போகிறவர் அந்த நிலத்தில் கால் வைப்பது சரியல்ல. மசினகுடி, சீகூர்ப் பக்கம் யானை வழித்தட அறிவிப்பை 2020 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் உறுதிசெய்துவிட்டது.

கோத்தகிரி, குன்னூரில் சின்னத் தேயிலைத் தோட்டம் தேடுகிறவர்கள் பச்சைத்தேயிலை விலையைப் பத்து வருஷத்துக்குப் பின்னோக்கிப் பாருங்கள். பத்துப் பதினைந்து நாளுக்கு ஒருமுறை கொழுந்து எடுத்தாக வேண்டும், விலை நிர்ணயம் கேட்டு அந்த மண்ணின் விவசாயிகளே உண்ணாவிரதம் இருந்திருக்கிறார்கள். அராபிக்காவும் மிளகும் கலந்த கீழ்மலைத் தோட்டத்தைவிட வெளியூர்க்காரருக்கு அது கடினமான தொழில்.

## அட்வான்ஸ் கொடுக்கும் முன்

முடிவு எதுவாக இருந்தாலும் கை நீட்டிப் பணம் கொடுக்கும் நாளுக்கு முன்பாக மூன்று பேரைக் கூட்டிப்போங்கள். ஒருவர் சொத்து விவகாரம் மட்டும் பார்க்கும் வக்கீல், புரோக்கர் சொன்ன வக்கீல் வேண்டாம். இன்னொருவர் சர்வேயர். உடமைக்காரரும் நான்கு பக்கத்து அண்டைக்காரர்களும் இருக்கும்போதே எல்லைக் கல் காட்டச் சொல்லுங்கள். கல் காட்டும்போது எந்த அண்டைக்காரர் வர மறுக்கிறாரோ அவர் பக்கம்தான் பிரச்சினை இருக்கும், அவர் வீட்டுக்கே போய்ப் பேசுங்கள். மூன்றாவது ஆள், அதே சரிவில் இருபது வருஷமாக வேலை செய்யும் ஒரு கூலித் தொழிலாளி. அவர் நாள்கூலியைக் கொடுத்து நிலம் முழுக்க நடக்கச் சொல்லுங்கள், அவர் நிற்கும் இடத்திலெல்லாம் ஏன் நின்றார் என்று கேளுங்கள்.

அக்ரிமென்ட்டில் தொகையும் தேதியும் மட்டும் இருந்தால் போதாது. உட்பிரிவு செய்து தனிப்பட்டா, வண்டிப்பாதை பாத்தியம், வாரிசுகள் அனைவரின் கையெழுத்து, ஊற்று உரிமை, மரங்களின் பட்டியல், தோட்டத்தில் குடியிருக்கும் தொழிலாளிக்குக் கொடுக்க வேண்டிய பாக்கி, இத்தனையும் எழுத்தில் வர வேண்டும். இவற்றில் ஒன்று முடியாமல் போனாலும் அட்வான்ஸ் முழுதாகத் திரும்பும் என்ற வரியைச் சேர்த்து, அக்ரிமென்ட்டைப் பதிவு செய்துவிடுங்கள். அந்த வரிக்கு விற்கிறவர் சம்மதிக்கவில்லை என்றால் அடுத்த இடத்தைப் பாருங்கள்.